திருப்பி வைத்த வானம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். கல்யாணமான மறுவாரமே என் மாமியார் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார், நானும் மறுக்கவில்லை. ஆனால் கோபக்காரியாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மனசில் இருப்பதை மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள், கள்ளம் கபடம் தெரியாது என்று உலகம் அவளை நம்பிவிடும். என்னையும் அப்படித்தான் நம்பினார்கள். நம்பி ஒப்படைத்ததை நான் காப்பாற்றிய லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போதே காது சுடுகிறது.

முதலில் எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனால் சாரல் முகத்தில்தான் அறையும், முதுகு ஓரளவு தப்பித்துவிடும். எந்தப் பக்கம் அதிகம் நனைந்தோம் என்பதை வைத்தே எந்தப் பக்கம் போனோம் என்று சொல்லிவிடலாம். அதே கதைதான் இதுவும். பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த சூட்டின் மிச்சம் இன்னும் வானம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் சூரியனும் பூமியும் நாமும் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருப்பதால், போகிற பக்கத்து வானம் இம்மியளவு சூடாகத் தெரியும், விட்டு வருகிற பக்கம் இம்மியளவு குளிர்ந்திருக்கும். ஒரு டிகிரியை ஆயிரமாக நறுக்கினால் அதில் மூன்று துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். அதை அளந்தால் நாம் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறோம் என்பது தெரிந்துவிடும்.

விடை உலகத்துக்கு ஏற்கெனவே தெரியும். விநாடிக்கு முந்நூற்று எழுபது கிலோமீட்டர், சிம்ம ராசியின் பின்னங்கால்களுக்குக் கொஞ்சம் கீழே. விண்கலம் விட்டு அளந்து முடித்தாகிவிட்டது. பிறகு நீங்கள் எதற்கு அரைத்த மாவையே அரைக்கிறீர்கள் என்று என் நாத்தனார்கூடக் கேட்டார். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து மொட்டைமாடியில் நாங்களே கட்டிய கருவி ஒன்று இருக்கிறது. வானத்தின் இரண்டு பக்கங்களைப் பார்த்தபடி இரண்டு உலோகக் கொம்புகள், இரண்டுக்கும் நடுவே சூட்டில் என்ன வித்தியாசம் என்று மட்டும் அது சொல்லும். தெரிந்த விடையை ஒழுங்காகக் கண்டுபிடித்தால்தான் தெரியாத விஷயங்களுக்கு அதை நம்பலாம்.

தெரிந்த விடையைத் தேடுவது லேசு என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியும், விடை வரும்வரை வழியை மாற்றிக்கொண்டே இருப்போம், வந்ததும் பேனாவை மூடிவிடுவோம். அளக்கிறவர்களும் மனிதர்கள்தான். அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆராய்கிறவர் கைக்கு அளவுகள் போகும் முன்பே, இன்னொருவர் வானத்தையே ஏதோ ஒரு கோணத்துக்குத் திருப்பி வைத்துவிடுவார். எத்தனை டிகிரி என்பதைக் கணினியில் பூட்டி வைப்பார், அது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆராய்கிறவர் மேகம் மூடிய நாள், கருவி மக்கர் பண்ணிய நாள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, சூடான இடம் இதுதான் என்று ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி சிங்கத்துக்கு எங்கேயோ தள்ளித்தான் விழும். கடைசியில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பூட்டைத் திறந்து, எத்தனை டிகிரி என்று பார்த்து, புள்ளியை அத்தனை டிகிரி திரும்ப நகர்த்துவார்கள். அப்போது அது சிங்கத்தின் காலடியில் போய் விழுந்தால் நேர்மையான விடை. திறந்த பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

சாவி என்னிடம் இருந்தது. ஆராய்கிறவர் என் வீட்டுக்காரர்.

புருஷன் பெண்டாட்டியை இப்படிப் போடலாமா என்று அப்போதே ஒருவர் கேட்டார். எங்கள் குழுவில் அவருக்குப் பெயரே ‘சந்தேகம்’. எந்தக் கூட்டத்திலும் முடியும் நேரம் பார்த்துக் கையைத் தூக்கி, எனக்கு ஒரு சந்தேகம் என்பார். எங்கள் தலைவரை ‘தராசு’ என்போம். ஒரு வார்த்தை கேட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஆள் பற்றாக்குறை, கணினியைப் பூட்டித் திறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது அவருடைய கவலை. நான்தான் வீராப்பாக எழுந்து நின்று சொன்னேன்.

“என் வீட்டு அடுப்புல இந்தப் பருப்பு வேகாது சார். வீட்டுல இதைப் பத்திப் பேச்சே இருக்காது.”

எல்லாரும் சிரித்தார்கள், சந்தேகம்கூடச் சிரித்தார். பேச்சு வீட்டில் இருக்கவும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் நான் கடைசிவரை காப்பாற்றினேன், அதுதான் வினையாகப் போயிற்று.

கணினி தானாகப் பொறுக்கிக் கொடுத்த எண் இருபத்திரண்டு. திருப்புகிற வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று சோதித்தபோது பார்த்தேன். முதல் மாதக் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் வைத்த புள்ளி சிங்கத்திலிருந்து இருபது டிகிரி சொச்சம் தள்ளி விழுந்திருந்தது. மற்றவர்களுக்கு அது சரியா தப்பா என்று தெரியாது, எனக்கோ உள்ளுக்குள் துள்ளியது. கருவி வேலை செய்கிறது, என் ஆள் சரியாகச் செய்கிறார். அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிட்டால் குடி முழுகிப்போகும் என்று பயந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், நான் இன்னும் கொஞ்சம் கடுகடுத்தேன்.

அடுத்த மாதம் புள்ளி பதினாறு டிகிரிக்கு வந்தது. அதற்கடுத்த மாதம் பதினொன்று. ஒவ்வொரு தடவையும் இன்னும் சில நாட்களைத் தள்ளியிருந்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். இந்த நாள் ஈரப்பதம் அதிகம், இந்த நாள் பக்கத்துக் கட்டடத்தின் புகைபோக்கிச் சூடு, இந்த வாரம் கேபிள் தளர்ந்திருந்தது. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயம்தான். ஆனால் தள்ளிய நாளெல்லாம் புள்ளியைச் சிங்கத்தைவிட்டு இழுக்கிற நாளாகவும், வைத்துக்கொண்ட நாளெல்லாம் சிங்கத்தின் பக்கம் இழுக்கிற நாளாகவும் எப்படி அமையும்? ஐந்தாவது மாதம் புள்ளி சிங்கத்தின் காலை நக்கிக்கொண்டு நின்றது. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏன் செய்தார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அவருடைய ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. இந்த அளவீடு சரியாக வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். போன வருஷம் அவர் செய்த ஒரு கணக்கில் பிழை கண்டுபிடித்து, வெளியூர்க் கூட்டம் ஒன்றில் சிரித்திருந்தார்கள். அதிலிருந்து மனுஷன் சிங்கத்தைக் கனவில்கூடக் கண்டிருப்பார்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? இதோ பாருங்க, நீங்க பண்றது தப்பு என்று நான் வாயைத் திறந்தால், சிங்கத்தின் மேல் விழக் கூடாது என்று சொன்னதாகிவிடும். அது பாதி ரகசியம். பாதி ரகசியம் போனால் முழு அளவீடும் குப்பைக்குப் போகும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தேன். கோபத்தைப் பாத்திரத்தின் மேல் காட்டினேன். மூடியைத் தூக்கிப் போட்டேன், கதவை அறைந்தேன், டீ ஆறிப்போய்விட்டது என்று அவரே போட்ட டீக்கு அவரையே திட்டினேன். அவர் தன் அக்கா வரப்போவதால் எனக்கு எரிச்சல் என்று நினைத்துக்கொண்டு, வீட்டை ஒட்டடை அடித்தார்.

ஆனால் கோபம் மேலே பூசிய வண்ணம்தான். அடியில் இருந்தது வெட்கம். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று காரணங்களை அடுக்கும்போது நான் என் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஆளோடு ஒரே குடையில் வந்து இறங்கியிருக்கிறோமே என்று இருக்கும். அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்படுவேன்.

நாத்தனார் ஒரு வாரம் முன்னதாகவே வந்து இறங்கினார். தம்பி ஏதோ பெரிசாகச் செய்கிறான், பூட்டுத் திறக்கும் நாளில் நான் இல்லாமல் எப்படி என்று கிளம்பிவிட்டார். அவர் பல் டாக்டர். வாயைப் பிளந்து வைத்திருக்கிறவர்களிடமே பேசிப் பேசிப் பழக்கமாகிவிட்டதால் யாரிடமும் பதிலை எதிர்பார்க்க மாட்டார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. தம்பி சின்ன வயசில் கணக்கில் நூறு வாங்கியதையும், ஒரு தடவை ஆசிரியர் தவறுதலாகக் கூட்டிப் போட்ட இரண்டு மதிப்பெண்ணைத் திரும்பக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வந்ததையும் மூன்று வேளையும் சொன்னார். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அந்தப் பையன் எங்கே போனான் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேனே தவிர, எதிரில் உட்கார்ந்திருந்தவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்காரர் ராத்திரி கணினி முன்னாலேயே கிடந்தார். சாப்பிடாமல் எழுந்துபோனார். பூட்டுத் திறப்பதற்கு முந்தின நாள் காலையில், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“நாளைக்கு என்ன வந்தாலும், நீ தலையைக் குனியாதே.”

அகப்பட்டுக்கொள்வோம் என்று பயந்துவிட்டார், என்னை முன்கூட்டியே தயார் செய்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படியும் அதை எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அறையில் நான் மட்டும். ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணினியில் பூட்டைத் திறந்தேன். நாளைக்கு நடக்கப்போவது படம் மாதிரி ஓடியது. என் வீட்டுக்காரர் சிங்கத்தின் காலில் புள்ளி வைத்துவிட்டு நிற்பார், திரையில் இருபத்திரண்டு என்று வரும், புள்ளி அத்தனை டிகிரி விலகி ஒன்றுமில்லாத இடத்துக்குப் போகும். திறக்கும் முன்பே சரியாக இருந்த விடை திறந்ததும் தப்பாகிறது என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த விநாடியே புரிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்று சந்தேகம் சொல்லக்கூட வேண்டாம், புருவத்தைத் தூக்கினால் போதும். கடைசி வரிசையில் நாத்தனார் உட்கார்ந்திருப்பார்.

இருபத்திரண்டில் ஒரு இரண்டை அழித்தேன். அவ்வளவுதான் வேலை. பூச்சியம் என்று போட்டால் யாராவது யோசிப்பார்கள், இரண்டு என்றால் இயல்பாக இருக்கும் என்றுகூடக் கணக்குப் போட்டேன், திருட்டுப் புத்தி எவ்வளவு சீக்கிரம் வந்து ஒட்டிக்கொள்கிறது பாருங்கள். சரியாக வந்த விடையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எனக்காகத்தான் செய்தேன். அந்த அறையில் அவர் மனைவி என்று உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. பூட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன், பசிக்கவும் செய்தது.

மறுநாள் கூட்ட அறையில் எள் விழ இடமில்லை. பக்கத்துக் குழுக்களிலிருந்தும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நாத்தனார் புதுப் புடவையில் கடைசி வரிசையில், பக்கத்திலிருந்தவரின் பல்வரிசையைக் கவனித்தபடி உட்கார்ந்திருந்தார். தராசு இரண்டே வாக்கியத்தில் வரவேற்றார். என் வீட்டுக்காரர் முன்னால் போய், முந்தின நாள் சாயங்காலம் தராசிடம் ஒப்படைத்த தன் இறுதிப் படத்தைத் திரையில் போட்டார்.

புள்ளி சிங்கத்தின் காலில் இல்லை. இருபத்தொரு டிகிரி தள்ளி, முதல் மாதம் இருந்த இடத்துக்கே போய் நின்றுகொண்டிருந்தது.

அவர் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். இத்தனை மாதமாக நான் தள்ளிய நாட்களுக்கு நான் சொன்ன காரணங்கள் பொய் இல்லை, ஆனால் காரணத்தைப் பார்த்து நாளைத் தள்ளவில்லை, புள்ளி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் காரணம் தேடினேன் என்றார். தள்ளிய நாள் ஒன்றை எடுத்து மறுபடி பார்த்தபோது அன்றைக்கு வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, அதற்கு மேல் தன்னால் முடியவில்லை என்றார். எல்லா நாட்களையும் திரும்பச் சேர்த்துவிட்டதாகவும், ஆரம்பத்தில் எழுதி வைத்த விதிப்படி தள்ள வேண்டியதை மட்டும் தள்ளியதாகவும் சொன்னார்.

“பூட்டுக்குள்ள ரொம்பச் சின்ன நம்பர்தான் இருக்கும்னு நானா ஒரு ஊகம் பண்ணிக்கிட்டேன். எதை வச்சு ஊகம் பண்ணினேன்னு கேக்காதீங்க, அது என் புத்தி. இதான் என் விடை. வந்தது வரட்டும்.”

சொல்லும்போது ஒரு கணம் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் மாதம் நான் உர்ரென்று வைத்துக்கொண்ட முகம். பெண்டாட்டிக்குப் பிடிக்கவில்லை, ஆக புள்ளி தப்பு, ஆக திருப்பிய கோணம் சின்னது என்று அவர் படித்திருக்கிறார். அதைத்தான் எல்லார் முன்னாலும் தன் புத்தி என்று சொல்லி என்னை மறைத்தார்.

தராசு என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார். எழுந்து போனேன். கடவுச்சொல்லை அடித்தேன். அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன். அதற்குள் விரல் பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டது.

திரையில் இரண்டு என்று வந்தது.

புள்ளி இரண்டு டிகிரி நகர்ந்தது. சிங்கத்துக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. சந்தேகம் கையைத் தூக்கவில்லை. அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். மெதுவான குரலில், அப்படியானால் அந்த நாட்களைத் தள்ளியதுதான் சரியாக இருந்திருக்குமோ, கருவியில்தான் கோளாறோ என்றார். என் வீட்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஆமாம் போல இருக்கு, நான் ஊகிச்சதுதான் சரி, திரும்பச் சேர்த்ததுதான் தப்பு போல இருக்கு என்றார். தோற்றுப்போன முகம்கூட இல்லை அது. நேர்மையாக இருந்தது முட்டாள்தனம் என்று ஒரு மனிதர் என் கண்ணெதிரே கற்றுக்கொண்டிருந்தார்.

“இல்லை,” என்றேன். அது யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னேன். “இல்லை. அது இரண்டு இல்லை. இருபத்திரண்டு. நேத்து மத்தியானம் நான் மாத்திட்டேன்.”

தராசு முதல் தடவையாக நிறுத்துப் பார்க்காமல் பேசினார். “எதுக்கும்மா?”

“அவர் சிங்கத்து மேல புள்ளி வைக்கப் போறார்னு நினைச்சேன். அவமானப்படுவார்னு.” அதோடு நிறுத்தியிருந்தால் அரை உண்மை. “நான் அவமானப்படுவேன்னு,” என்றேன்.

சந்தேகம் எழுந்து வந்து என் கணினியில் குனிந்தார். எந்த நேரம் எது மாற்றப்பட்டது என்று அது தன்பாட்டுக்குக் குறித்து வைத்திருந்தது. இருபத்திரண்டு இரண்டாக ஆனதை வாசித்தார், மறுபடி இருபத்திரண்டு என்று போட்டார். புள்ளி சரசரவென்று நகர்ந்து சிங்கத்தின் பின்னங்காலுக்கு ஒரு டிகிரி பக்கத்தில் போய் உட்கார்ந்தது. விநாடிக்கு முந்நூற்று எழுபதுக்கு ஒட்டினாற்போல வேகமும் வந்தது. எங்கள் மாடியில், எங்கள் கையால் கட்டிய கருவியில், பூமி எந்தப் பக்கம் போகிறது என்று அவர் அச்சுப் பிசகாமல் கண்டுபிடித்திருந்தார். யாரும் கைதட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று எனக்கு உடனே புரியவில்லை.

தராசுதான் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

“வீட்டுல இதைப் பத்திப் பேசினீங்களா?”

“இல்லை சார்,” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது அது. ரகசியத்தை வைத்திருந்தவள் மனைவி. அவள் பூட்டை உடைத்து எண்ணை மாற்றக்கூடியவள் என்று அவளே ஒப்புக்கொண்டாயிற்று. அப்படிப்பட்டவள் புருஷன் காதில் இருபத்திரண்டு என்று ஓதியிருக்க மாட்டாள் என்று எவன் நம்புவான்? திடீரென்று மனசாட்சி வந்து நாட்களைத் திரும்பச் சேர்த்தாராம், சேர்த்ததும் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக வந்து நின்றதாம். என் வீட்டு அடுப்பில் இந்தப் பருப்பு வேகாது என்று நான் சொன்னது அங்கே இருந்த எல்லாருக்கும் நினைவிருந்தது. யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வேலியே பயிரை மேய்ந்தால் அறுவடையை யார் நம்புவார்கள்? தராசு நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னார். இந்த அளவீட்டை வெளியிட முடியாது. வெளியிலிருந்து ஒருவரைச் சாவிக்குப் போட்டு, ஒரு வருஷம் மறுபடி வானத்தைப் பார்த்து, வேறொருவர் ஆராய வேண்டும். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வெளியே நடைவழியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கோணமும் டிகிரியும் புரிந்ததோ இல்லையோ, புரிய வேண்டியது புரிந்திருந்தது.

“அவனை ஏம்மா நீ நம்பல?” என்றார்.

கேட்டுவிட்டு வழக்கம்போல அவரே பதில் சொல்வார் என்று நின்றேன். அவர் சொல்லவில்லை. கைப்பையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது அன்றுதான். கூனிக் குறுகி அவரைத் தாண்டிப் போனேன்.

மாடிக்குப் போனேன். மழை வரும்போல இருந்தது, கருவியை மூட வேண்டும். என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். தார்ப்பாயைத் தனியாக இழுத்துக் கொம்புகளின் மேல் போட முயன்றுகொண்டிருந்தார். காற்றில் ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் பறந்தது. நான் போய் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன். எனக்குத் திட்டுவதும் திட்டு வாங்குவதும் பழக்கம்.

மன்னிச்சிடுங்க என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வேலை போனது போகட்டும். நான் தப்புப் பண்றேன்னு இத்தனை மாசமா உனக்குத் தெரிஞ்சிருக்கு. அதுவும் போகட்டும், நீ வாயைத் திறக்க முடியாது.” தார்ப்பாயின் ஓரத்தைக் கையில் சுருட்டிச் சுருட்டி விட்டார். “நானே திருத்திக்குவேன்னு உனக்கு ஒரு தடவையாவது தோணிச்சா?”

தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சரிபார்க்க எந்தக் கணினியிலும் குறிப்பு இல்லை. ஆனால் ஒரே நாளில் அத்தனை பொய்க்கு மேல் இன்னொன்றுக்கு என்னிடம் தெம்பில்லை.

“தோணலை,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முதல் தூறல் விழுந்தது. தார்ப்பாயின் மறுமுனையை என் பக்கம் நீட்டினார், நான் வாங்கிக் கட்டினேன்.